அணுக்கொத்து: எண்ணுவதைவிட இறக்குவதே கடினம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அணுக்கொத்துகளை, அதாவது எண்ணக்கூடிய அளவு அணுக்கள் ஒன்றாக ஒட்டிய நுண்துகள்களை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குப் பாராட்டுகள். ஆனால் அதில் ஓரிடத்தில், ‘எத்தனை அணு வேண்டுமோ அத்தனையை எண்ணி எடுத்து, பெயின்ட் அடிப்பதுபோல எந்தப் பரப்பிலும் பூசிவிடலாம்’ என்று இருந்தது. முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதி சரியல்ல. பெங்களூரு ஆய்வகங்களுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் தமிழ் மாணவர்கள் பலர் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். கருவி வாங்கப் பட்டியல் போடும் கல்லூரிகளும் அப்படியே நினைத்து, பணத்தில் பெரும்பகுதியை நிறை வடிகட்டிக்கே (கொத்துகளை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவி) ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. 1984இல் சோடியம் கொத்துகளில் 8, 20, 40 போன்ற சில எண்ணிக்கைகள் தனித்து மிகுதியாக வருவது தெரிந்தது. அடுத்த ஆண்டு 60 கார்பன் அணுக்களின் கூண்டு வந்தது. அதில் விடுபட்டது 1999இல் வெளியான தங்கச் சோதனை. மெக்னீசியம் ஆக்சைடு படலத்தின்மேல் இறக்கிய தங்கக் கொத்துகளில், கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் வேலையைச் செய்த மிகச் சிறிய கொத்து 8 அணுக்கள் கொண்டது. அதற்குக் கீழே உள்ளவை சும்மா இருந்தன. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ஆக்சிஜன் அணுக்கள் விடுபட்ட குழிகள் நிறைந்த படலத்தில் வேலை செய்த அதே 8 அணுக் கொத்து, குறைபாடு இல்லாத படலத்தில் செயலற்றுக் கிடந்தது. குழியிலிருந்து எலக்ட்ரான் சற்று தங்கத்துக்கு நகர்ந்தால்தான் வினை நடக்கிறது. ஆக, எத்தனை அணு என்பதோடு, எதன்மேல், எந்த இடத்தில், என்ன வேகத்தில் வந்து அமர்ந்தது என்பதும் சேர்ந்துதான் விடை.

கொத்து உருவாகும் முறையிலிருந்து தொடங்குவோம். இன்று பரவலாக இருப்பது, ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஹாபர்லாண்ட் குழு 1990களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய ‘மேக்னட்ரான் ஸ்பட்டரிங்’ வகை மூலம், அதாவது கொத்துகளை உருவாக்கித் தரும் கருவி. சுமார் 50 மி.மீ. விட்டமுள்ள உலோக டார்கெட் (அணுக்களைத் தரும் தட்டு), அதன் பின்னால் காந்தங்கள், எதிர்மறையாகச் சில நூறு வோல்ட். ஆர்கான் பிளாஸ்மா டார்கெட்டிலிருந்து அணுக்களைத் தட்டி எழுப்பும். அவை திரவ நைட்ரஜனால் குளிர்ந்த சுவருள்ள குழாயில் 0.1 முதல் 1 மில்லிபார் அழுத்த வாயுவுக்குள் நகரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு அணுக்கள் மோதினால் மட்டும் போதாது. ஒட்டும்போது வெளிப்படும் ஆற்றலை மூன்றாவதாக ஓர் ஆர்கானோ ஹீலியமோ வாங்கிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய வேகத்திலேயே பிரிந்துவிடும். அழுத்தம் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான். குழாயின் நீளத்தைக் கூட்டினால் கொத்து பெரிதாகும்; ஹீலியத்தைக் கூட்டினால் பொதுவாகச் சிறிதாகும். பிளாஸ்மாவின் தயவால் கொத்துகளில் கணிசமான பங்கு ஏற்கெனவே மின்னூட்டத்தோடு வருவதால், தனியாக அயனியாக்கி தேவையில்லை. இந்த மூலத்தின் பெரிய வசதியே அதுதான்.

இந்த வசதிக்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 200 கன செ.மீ. வாயு என்றால் வினாடிக்கு சுமார் 3.4 மில்லிபார்-லிட்டர். நாசிலுக்கு (குழாயின் முனைத் துளை) அடுத்த அறையில் வினாடிக்கு 1,500 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப் வைத்தாலும் அழுத்தம் 2×10⁻³ மில்லிபாருக்குக் கீழே இறங்காது. அங்கிருந்து கற்றையின் நடுப்பகுதியை மட்டும் உள்ளே விடும் ஸ்கிம்மர் துளை, அதற்கடுத்து இன்னொரு பம்ப், மாதிரி (கொத்துகள் வந்து இறங்கும் பரப்பு) இருக்கும் அறையில் 10⁻⁹ மில்லிபார் அளவு என்று படிப்படியாக இறக்க வேண்டும். பட்டியல் போடும்போது இந்த நடு அறைகளில்தான் கை வைக்கிறார்கள். இரண்டு பம்ப் போதும் என்று தொடங்கியவர்கள் கடைசியில் மாதிரியின்மேல் ஆர்கானைத்தான் தெளித்துக்கொண்டிருப்பார்கள்.

வாயுவின் தூய்மையை அளவுக்கு மீறிய கவலை என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 99.999 சதவீத ஆர்கானில் பத்து லட்சத்தில் 10 பங்கு வரை கலப்பு இருக்கலாம். 0.5 மில்லிபாரில் அது 5×10⁻⁶ மில்லிபார். அந்த அழுத்தத்தில் ஒரு பரப்பை முழுதும் அழுக்கு மூடுவதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. கொத்து அந்தக் குழாயில் இருப்பதோ வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் சில கட்டாயம் வந்து ஒட்டும். தங்கம் பொறுத்துக்கொள்ளும்; தாமிரம், இரும்பு, டைட்டேனியம் பொறுக்காது. (வேடிக்கை என்னவென்றால், டைட்டேனியத்தில் மூலம் மிகத் தூய்மையாக இருந்தால் கொத்தே சரியாக உருவாகாது, முதல் விதை விழச் சிறிது ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது.) 99.9999 சதவீத சிலிண்டரும் வரிசையில் ஒரு கெட்டர் சுத்திகரிப்பானும் (கலப்பு வாயுக்களை வேதிவினையால் பிடித்துக்கொள்வது) வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதன்பிறகு சிலிண்டரிலிருந்து கருவிவரை பிளாஸ்டிக் ட்யூப் போட்டால் செய்ததெல்லாம் வீண்: பாலிமர் சுவர் வழியாக ஈரம் ஊடுருவி வந்துகொண்டே இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான் வேண்டும். அதையும் வெப்பமேற்றி ஒருமுறை காயவைக்க வேண்டும்.

வெற்றிட அறைகளை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பெங்களூருவின் தொழிற்பேட்டைகளான பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் நல்ல கை இருக்கும் பட்டறைகள் உண்டு. ஆனால் வரைபடத்தில் சில விஷயங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வெல்டிங் வெற்றிடப் பக்கத்தில், அதாவது உள்ளே, இடைவெளியில்லாமல் ஓட வேண்டும். பலம் வேண்டும் என்று வெளியேயும் முழுச் சுற்று வெல்ட் அடித்தால் இரண்டுக்கும் நடுவே காற்று சிறைப்பட்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஹீலியம் கொண்டு லீக் தேடினாலும் அகப்படாது, ஏனென்றால் அது வெளியிலிருந்து வரும் லீக் அல்ல. வெளிப்பக்கம் பலத்துக்கு விட்டுவிட்டு வைக்கும் தையல் வெல்டே போதும். அடைத்த துளையில் திருகும் ஸ்க்ரூக்கும் இதே கதைதான். ஸ்க்ரூவின் நடுவே துளையிட வேண்டும் அல்லது பக்கவாட்டில் ஒரு வெட்டு வைக்க வேண்டும். துத்தநாகம், காட்மியம் பூசிய போல்ட், பித்தளை எதுவும் உள்ளே போகக்கூடாது. அறையைச் சூடேற்றும்போது துத்தநாகம் ஆவியாகி எல்லாவற்றின்மேலும் படியும். 120 முதல் 150 டிகிரியில் ஒரு நாளுக்குக் குறையாமல் சுடவைப்பது வழக்கம். ஆனால் மேக்னட்ரான் தலையில் இருக்கும் நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். சுடும் நேரமெல்லாம் அதற்குக் குளிர்நீர் ஓட வேண்டும், அல்லது காந்தத்தைக் கழற்றிவிட வேண்டும். குளிர்நீருக்கு போர்வெல் தண்ணீரைக் காட்டவே கூடாது. உப்புப் படிந்து மெல்லிய வழிகள் அடைபடும். டார்கெட் சில நூறு வோல்ட்டில் இருப்பதால் கடின நீர் வழியாக மின்சாரமும் கசியும். அயனி நீக்கிய நீரோடு மூடிய சுற்றில் ஓடும் சில்லர்தான் சரி. மின்வெட்டை நினைத்து, வாயு வால்வும் டர்போவுக்கும் அதன் பின்பம்புக்கும் நடுவே உள்ள வால்வும் கரன்ட் போனதும் தானாக மூடும் வகையாக இருக்கட்டும். ஏப்ரல், மே இடிமழையில் கரன்ட் சில வினாடிகள் போனாலே போதும், பின்பம்பின் எண்ணெய் ஆவி மேலே ஏறிவிடும்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தமே 910 மில்லிபார் அளவில்தான். அறையைத் திறந்த பிறகும் அழுத்தமானி 1,013 காட்டவில்லை என்று புதிதாக வருபவர்கள் அதைத் திருகிச் ‘சரி’ செய்துவிடுகிறார்கள். திரவ நைட்ரஜனும் இங்கே கடலோரத்தைவிட ஏறக்குறைய ஒரு கெல்வின் குறைவாகத்தான் கொதிக்கும். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

மூலம் ஓட ஓட டார்கெட்டில் வளையமாகப் பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக ஆக, காந்தப்புலம் பரப்பில் கூடி, வோல்ட்டேஜ் மாறும். முன்பு 20 அணுக்களுக்குச் சரியாக இருந்த அமைப்பு இப்போது வேறு அளவைத் தரும். பழைய குறிப்பேட்டு எண்களை அப்படியே போட்டுவிட்டுக் கொத்துகளின் கற்றை வரவில்லை என்று அதைக் குவிக்கும் மின் லென்ஸ்களைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. குழாய்ச் சுவரில் படிந்த உலோகம் செதிலாக உரிந்து, டார்கெட்டுக்கும் அதைச் சுற்றிய கவசத்துக்கும் நடுவே உள்ள ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளியில் விழுந்தால் ஷார்ட் ஆகும். நாசில் ஓரத்திலும் உலோகம் வளர்ந்து துளை சுருங்கும். வாயு ஓட்டம் மாறாமல் குழாய் அழுத்தம் மட்டும் மெல்ல ஏறினால் அதுதான் அடையாளம்.

நிறை வடிகட்டிக்கு வருவோம். குவாட்ருபோல், பக்கவாட்டுப் பறப்பு நேர வடிகட்டி, காந்தப் பிரிப்பான் என்று வகைகள் உண்டு. குவாட்ருபோலில் அதிர்வெண்ணும் கம்பிகளின் இடைவெளியும் எட்டக்கூடிய நிறைக்கு மேல்வரம்பு கட்டும். வான் இசெண்டார்ஃபும் பால்மரும் 1999இல் வெளியிட்ட பக்கவாட்டு வகையில் மேல்வரம்பு இல்லை. ஆனால் பிரிதிறன், அதாவது நிறையை வடிகட்டி விடும் சாளரத்தின் அகலத்தால் வகுத்த எண், பெரும்பாலும் 20 அளவில்தான். அதன் பொருள் என்ன? 20 அணுத் தங்கத்தில் சாளரத்தின் அகலம் ஓர் அணு. 55இல் ஏறக்குறைய மூன்று. 923 அணுக் கொத்து என்று சொல்லும்போது அது உண்மையில் 923, கூட்டியோ குறைத்தோ 23. பிரிதிறனை ஏற்றினால் கற்றை மெலியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. தங்கத்துக்கு ஒரே ஐசோடோப் என்பதால் எண்ணுவது எளிது. வெள்ளிக்கு 107, 109 என்று ஏறக்குறைய சரிபாதியாக இரண்டு, பிளாட்டினத்தில் இன்னும் அதிகம், நிறை வரைபடத்தில் சிகரங்கள் அகன்றுவிடும்.

வடிகட்டியால் பிடிக்க முடியாத ஏமாற்றும் ஒன்று உண்டு. 20 தங்க அணுக்களோடு 11 தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டினால் கூடும் நிறை 198. ஒரு தங்க அணுவின் நிறை 197. இந்த இரண்டையும் பிரிக்க 3,000க்கு மேல் பிரிதிறன் வேண்டும். வாயு அழுக்காக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியும் ஈரமான 20ஐ 21 என்று சொல்லும். இரட்டை மின்னூட்டமும் அப்படித்தான்: 40 அணுக்கள் இரு மின்னூட்டத்தோடு வந்தால் 20 என்று தெரியும். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒரு குட்டிச் சிகரம் எழுந்தால் அது இரு மின்னூட்டத்தோடு வந்த 41. உடனே சந்தேகப்பட வேண்டும்.

மின்னூட்டம் இல்லாத கொத்துகளை வடிகட்டி தொடவே தொடாது. மூலத்திலிருந்து மாதிரிவரை நேர்கோடு இருந்தால், எல்லா அளவுகளிலும் உள்ள நடுநிலைக் கொத்துகள் நேராக வந்து மாதிரியில் விழும். கற்றையின் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் பிகோஅம்மீட்டரில் அவை தெரியாது. அயனிகளை 90 டிகிரி திருப்பும் வளைப்பான் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இல்லாதவர்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும்: அயனிகளை வோல்ட்டேஜ் கொடுத்துத் தடுத்துவிட்டு, அதே நேரம் ஒரு வெற்று மாதிரியைக் காட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒன்றும் இருக்கக்கூடாது.

இனி இறக்குவது. கொத்து பரப்பில் மோதும்போது அதன் ஆற்றல் அணு ஒன்றுக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (அணு அளவில் ஆற்றலின் அலகு) குறைவாக இருந்தால்தான் மென்மையான இறக்கம் எனலாம். தங்கத்தில் ஓர் அணுவைப் பிணைத்திருக்கும் ஆற்றல் 3.8 எலக்ட்ரான் வோல்ட் என்பதை நினைவில் வைத்தால் காரணம் விளங்கும். 20 அணுக் கொத்துக்கு மொத்தம் 10 எலக்ட்ரான் வோல்ட் என்றால் அணுவுக்கு அரை, பரவாயில்லை. ஆனால் இந்த 10ஐ மின்வழங்கியின் முகப்பில் படித்தால் போதாது. நாசிலில் வாயுவோடு சேர்ந்து பாயும்போதே கொத்துக்குச் சொந்த வேகம் ஒன்று வந்துவிடுகிறது. கொத்து பெரிதாக ஆக, அந்த வேகத்துக்கான ஆற்றல் நிறையோடு சேர்ந்து ஏறும். மாதிரியின் வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாக எதிர்த்திசையில் ஏற்றி, மின்னோட்டம் எங்கே விழுகிறது என்று வரைந்து பார்ப்பதே நம்பத்தக்க அளவீடு. அந்த வளைவு செங்குத்தாக விழாமல் சாய்ந்து விழும். சாய்வின் அகலம்தான் ஆற்றலின் பரவல். வேகத்தைக் குறைக்கும்போது கற்றை விரிந்து, மாதிரிக்கு வெளியேயும் விழும். ஆகவே மாதிரியின் மின்னோட்டத்தையும் அதைச் சுற்றிய வளையத்தின் மின்னோட்டத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

மென்மையாக இறங்கிவிட்டால் வேலை முடிந்ததா? கிராஃபைட்டில் முடியாது. அங்கே பிடிமானம் அவ்வளவு குறைவு. அறை வெப்பநிலையிலேயே கொத்துகள் உலவி, பரப்பில் உள்ள அணு உயரப் படிகளின் ஓரத்தில் போய் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். 20 என்று எண்ணி அனுப்பியது 40 ஆகி, 200 ஆகிக் கிடக்கும். தடுக்க ஒரு வழி, வேண்டுமென்றே வேகமாக மோதவிட்டு அடியில் ஒரு கார்பன் அணுவைப் பெயர்த்து அந்தக் குழியில் கொத்தை ஆணியடித்தாற்போல் நிறுத்துவது. ஆனால் கொத்தின் வடிவம் தட்டையாகலாம். 1999 தங்க ஆய்வைப் போல் பரப்பின் குறையும் விடையில் கலந்துவிடும். இன்னொரு வழி, மாதிரியை மிகக் குளிர்வித்து மேலே ஆர்கானைச் சில அடுக்குகள் உறையவைத்து அதன்மேல் இறக்குவது. ஆர்கான் மோதலை வாங்கிக்கொள்ளும். பிறகு மெல்லச் சூடாக்கினால் ஆவியாகிவிடும். பிளாட்டினத்தின்மேல் வெள்ளிக் கொத்துகளை உடையாமல் இறக்கி 1996இல் இதைக் காட்டினார்கள். திரவ நைட்ரஜன் இதற்குப் போதாது, அந்த வெப்பநிலையில் ஆர்கான் வெற்றிடத்தில் நிற்காது. ஹீலியம் குளிர்விப்பான் வேண்டும். கட்டுரை ‘எந்தப் பரப்பிலும்’ என்கிறது. கண்ணாடி, தடித்த ஆக்சைடு போன்ற மின்கடத்தாப் பரப்பில் முதலில் விழும் கொத்துகளின் மின்னூட்டம் வழிந்தோட இடமின்றித் தேங்கி, அடுத்து வருவதைத் தள்ளிவிடும். ஆக்சைடு வேண்டுமென்றால் உலோகத்தின்மேல் சில அணு அடுக்குகள் மட்டும் வளர்த்த மெல்லிய படலமே வழி.

எவ்வளவு இறக்குவது என்பதும் கணக்குத்தான். சதுர செ.மீ.க்கு 10¹² கொத்துகள் என்றால் சராசரி இடைவெளி 10 நானோமீட்டர். ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்பு குறைவு. 5 மி.மீ. விட்டமுள்ள இடத்தில் 50 பிகோஆம்பியர் கற்றை கிடைத்தால் ஏறக்குறைய பத்தரை நிமிடம். அதற்குள் 10⁻⁹ மில்லிபாரில் எஞ்சிய வாயு பரப்பில் பாதியளவு மோதியிருக்கும்; 10⁻⁸ என்றால் தூய்மையான உலோகப் பரப்பு முழுதும் மூடப்பட்டிருக்கும். சோதனைக்காக மாதிரியைக் காற்றில் எடுத்துப் போனால் தங்கம் தப்பிக்கும், வெள்ளி கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், தாமிரம் ஆக்சைடாகும். பார்ப்பதற்கு ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் இருட்புலப் படம் நல்லது. கனமான அணுக்களின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரகாசமும் ஏறுவதால், ஒரு கொத்தில் எத்தனை அணு என்றே மதிப்பிடலாம். நீண்ட நேரம் கற்றையைக் காட்டினால் கொத்தே உருமாறும் என்பதால் முதல் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே பட்டியல் போடும் கல்லூரிகளுக்கு எங்கள் யோசனை: முதலில் பம்ப், வாயுச் சுத்திகரிப்பு, குளிர்விக்கக்கூடிய மாதிரித் தாங்கி, மாதிரியைக் காற்றில் காட்டாமல் நுண்ணோக்கிக்கு மாற்றும் வழி. மீதிப் பணத்துக்கு எந்த வடிகட்டி வருமோ அது. பிரிதிறன் 20 உள்ள வடிகட்டியோடு சுத்தமான வாயு இருந்தால் ஆய்வுக்கட்டுரை எழுதலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். இந்த முறையில் விரைவில் ‘கிராம் கணக்கில்’ வினையூக்கி தயாரிக்கலாம் என்று கட்டுரை முடிகிறது. 1 நானோஆம்பியர் கற்றை என்பது வினாடிக்கு சுமார் 624 கோடிக் கொத்துகள். 20 அணுத் தங்கமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.15 மைக்ரோகிராம்; ஒரு கிராம் சேர ஏறக்குறைய 775 ஆண்டுகள். கற்றையை ஆயிரம் மடங்காக்கினாலும் ஒன்பது மாதத்துக்கு மேல். கிராம் வேண்டுமென்றால் வேதியியல் வழியில், கந்தக மூலக்கூறுகள் போர்த்திய 25 அணுத் தங்கக் கொத்துகளைக் குடுவையிலேயே செய்யலாம். சென்னை ஐஐடியில் பிரதீப் குழு உட்படப் பலர் அந்தத் துறையில் இருக்கிறார்கள். அது வேறு முறை. கட்டுரை பேசிய முறைக்கு ‘மைக்ரோகிராம் கணக்கில்’ என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெற்றிடக் கருவிகளோடு பணியாற்றும் வாசகர்கள் சிலர்,
பெங்களூரு